மூன்றாம் மாடிச் சிந்தனை அறை

எங்கள் கட்டடக்கலை, வடிவமைப்புக் கல்லூரியின் முன்னாள் மாணவர் ஆலோசனைக் குழு இதுவரை நாற்பத்திரண்டு முறை கூடியிருக்கிறது. நாற்பத்திரண்டு முறையும் கூட்டக் குறிப்பு எழுதியவன் நான்தான். அலுவலகத்தில் என் பதவிக்கு இளநிலை எழுத்தர் என்று பெயர், வயது ஐம்பத்துமூன்று. குழு கொடுத்த ஆலோசனைகள் மொத்தம் முந்நூற்றுப் பதின்மூன்று. நிறைவேறியது ஒன்று. கூட்டத்தில் பிஸ்கட்டைப் பீங்கான் தட்டில் வைக்காமல் மரப்பலகையில் வைக்க வேண்டும் என்ற ஆலோசனை அது. மறுநாளே பலகை வந்துவிட்டது.

குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் தொண்டர்கள். "நம்மள வளர்த்த இடத்துக்கு நாம எதையாவது திருப்பிக் கொடுக்கணும்" என்று தலைவர் ஒவ்வொரு கூட்டத்தையும் தொடங்குவார். கொடுப்பது அறிவுரை என்பதால் அதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, எடுத்து வைக்க அலமாரியும் தேவையில்லை. எல்லாருக்கும் வசதியான ஏற்பாடு.

குறிப்பு எழுதுவதற்கு ஏழு விதிகள் உண்டு. நான்காவது விதி, குறிப்பு எழுதுபவர் பேசக்கூடாது. ஆறாவது விதி, கூட்டத்தில் யாராவது தாழ்ந்த சொல் எதையாவது சொல்லிவிட்டால் குறிப்பில் அதை உயர்த்தி எழுத வேண்டும். இரண்டாம் மாடிக் கூரை ஒழுகுகிறது என்று ஒருவர் சொன்னபோது, கட்டடம் மழையோடு உரையாடுகிறது என்று எழுதினேன். தலைவர் படித்துவிட்டு என் தோளில் தட்டினார். பதினோரு வருஷத்தில் அந்தக் கலை எனக்கு நன்றாகவே கைவந்துவிட்டது.

தலைவர் எங்கள் கல்லூரிக் கட்டடத்தை வடிவமைத்தவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கட்டி முடித்ததும் அதற்குப் பரிசு கிடைத்தது. பரிசுக் குழு பார்க்க வந்த அன்று நல்ல வெயில். அவருக்கு அடுத்தபடியாக முக்கியமானவர் நாற்காலி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அவர் ஒரு நாற்காலி வடிவமைத்தார், அது ஏதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதிலிருந்து அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அதன் நகல் ஒன்று எங்கள் கூட்ட அறையில் கயிறு கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் யாரும் உட்காரக் கூடாது. நாற்காலியே பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவார்.

மற்ற ஏழு பேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் தலையாட்டுவார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள். ஒன்பது பேரும் ஆண்கள். கல்லூரிகளைத் தரப்படுத்தும் ஆட்கள் அனுப்பிய கேள்வித்தாளில் "குழுவில் பெண்கள் எத்தனை பேர்" என்று ஒரு கட்டம் இருந்ததால்தான் கல்லூரி முதல்வர் ஒரு பெண்ணைத் தேடச் சொன்னார். பழைய பதிவேட்டைப் புரட்டி, இதே ஊரில் இருப்பவர், தொலைபேசி எண் மாறாதவர் என்று நான் கண்டுபிடித்தது குழாயம்மாவை.

அவர் நாற்காலியோடு ஒரே வகுப்பில் படித்தவர். கூடப் படித்தவர்கள் கோபுரம் வரையப் போனார்கள். இவர் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் வரைகிற அலுவலகம் ஒன்றில் சேர்ந்து இருபத்தாறு வருஷமாக அதையே வரைந்துகொண்டிருக்கிறார். "குழாய்" என்று அவருக்குப் பெயர் வைத்தது நாற்காலிதான். நான் மரியாதைக்கு ஓர் அம்மாவைச் சேர்த்துக்கொண்டேன்.

முதல் கூட்டத்துக்கு அவர் அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இந்த மாடியில லேடீஸ் பாத்ரூம் எங்கங்க இருக்கு?"

"கீழ ஆபீஸ் பிளாக்லதாம்மா. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும்."

"இந்த மாடியில?"

"இந்த மாடியில ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். அதோ, கூட்ட ரூமுக்கு அடுத்த கதவு."

"இந்த மாடியில எத்தன பொண்ணுங்க உக்காந்து வரையறாங்க?"

"இருநூத்திப் பதினாலு" என்றேன். எண்ணிக்கையில் நான் தவறுவதில்லை.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "அதுல ஒருத்தி என் பொண்ணு. மூணாவது வருஷம். இந்த ஆறு மாசத்துல மூணு தடவ காய்ச்சல். சிறுநீர்ல கிருமின்னு டாக்டர் சொன்னாங்க. தண்ணியே குடிக்கிறதில்லையான்னு அவள அந்தத் திட்டு திட்டினாங்க. காலைல எட்டு மணிக்கு வந்தா சாயங்காலம் ஆறு வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்லீங்க. குடிச்சா இறங்கணும், சாவி வாங்கணும், வரிசைல நிக்கணும், திரும்ப ஏறணும். இருபத்திரெண்டு நிமிஷம் ஆகுதுன்னு கணக்கு வச்சிருக்கா. அதுக்குள்ள வரைஞ்சதக் காட்டச் சொல்லிப் பேரக் கூப்பிட்டுட்டா அவ முறை போயிடுமாம்."

"ஆமாம்மா. விதி அப்படித்தான்."

"குழுவுல சேரச் சொல்லிக் கடிதம் வந்ததும் உடனே சரின்னு சொன்னதே இதுக்காகத்தான். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்த மாடியில ஒரு பாத்ரூம் வந்தாப் போதும்."

அப்போது நான் ஒன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கூட்டம் நடக்கும் இடத்துக்குச் சிந்தனை அறை என்று பெயர். தரை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளம், சுவர் முழுக்க மரப்பலகை, நடுவில் வட்ட மேசை. ஜன்னல் ஒன்றே ஒன்று. ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு முழ அகலத்தில், சாய்வாகக் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கியது. புது உறுப்பினர் வந்தால் தலைவர் முதலில் அதைத்தான் காட்டுவார்.

"இந்த ஜன்னலப் பாருங்க. இதுல வெளிய எதையும் பாக்க முடியாது. வெளிய பாக்க முடியாதப்பத்தான் மனுஷன் உள்ள பாக்கறான். நான் வரைஞ்சதுலயே ஆழமான ஜன்னல் இதுதான்."

குழாயம்மா அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. பிறகு இரண்டு நிமிட மௌனம், இடத்தின் குரலைக் கேட்பதற்காக. அந்த மௌனத்தில் அவருடைய பென்சில் மேசையிலிருந்து விழுந்து, கம்பளத்தின் மேல் மெதுவாக உருண்டு, அறையின் ஒரு மூலையில் போய் நின்றது. எடுத்து வந்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்ப விழுந்தது, திரும்ப அதே மூலைக்குப் போனது.

அறிமுகங்கள் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் நடந்தன. கடைசியாக அவர் முறை வந்தபோது அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். "இந்த மாடியில பொண்ணுங்களுக்கு டாய்லெட் இல்ல. ஒண்ணு கட்டணும்."

பிஸ்கட் மெல்லும் சத்தம் நின்றது. தலைவர் கண்ணை மூடித் திறந்தார்.

"ரொம்ப நேர்மையான குரல்" என்றார். "ஆனா இங்க நாம தீர்வுலருந்து தொடங்கறதில்ல. கேள்விலருந்து தொடங்குவோம். டாய்லெட்னா என்ன? முதல்ல அதக் கேப்போம்."

"அது எல்லாருக்கும் தெரியுமே சார்."

"தெரியும்னு நினைக்கிறமே, அங்கதான் வடிவமைப்பு செத்துப்போகுது."

குழு ஒருங்கிணைப்பாளர், வேலை நிரந்தரமாகாத விரிவுரையாளர், எழுந்து பணிவாகச் சொன்னார். "மேடம், நீங்க சொன்னது புகார்ல வரும். புகாருக்கு வேற பெட்டி இருக்கு. இங்க ஆலோசனைதான். அதுக்கு மூணு பாரம். தொலைநோக்கு, அணுகுமுறை, தாக்கம். நீங்க தாக்கத்துலருந்து ஆரம்பிச்சிட்டீங்க."

"குழாய் அப்பவும் இப்படித்தான்" என்று நாற்காலி சிரித்தார். "நாங்கல்லாம் வானத்தப் பாத்து வரைவோம். இவ சாக்கடையப் பாத்து வரைவா."

குழாயம்மா மூன்று பாரத்தையும் வாங்கிப் பொறுமையாக நிரப்பினார். அன்றைய குறிப்பில் நான் எழுதியது: "உறுப்பினர் ஒருவர், மாணவியரின் அன்றாட இயக்கத்தில் இடைவெளிகளின் பங்கு குறித்துச் சிந்திக்கத் தூண்டினார்." தலைவர் அடிக்கோடிட்டார்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தூண்டுதல் ஒரு போட்டியாகியிருந்தது. தலைப்பு, "காத்திருப்பின் கட்டடம்". எல்லா மாணவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும், மூன்று வாரத்தில் முடிக்க வேண்டும். அதற்காக மாலை ஆறு மணிக்கு முடியும் வகுப்பு எட்டு மணி வரை நீண்டது. காத்திருப்பு எப்படி இருக்கும் என்பதை மாணவிகள் செய்முறையாகவே கற்றுக்கொண்டார்கள்.

முதல் பரிசு பெற்ற மாதிரியை உண்மை அளவிலேயே அட்டையில் செய்து சிந்தனை அறைக்கு வெளியே நடைபாதையில் நிறுத்தினோம். மூன்றடிக்கு நான்கடி, ஒரு கழிப்பறை அளவு, வெள்ளை அட்டை, ஒரு கதவு. கதவு திறக்காது. திறந்துவிட்டால் காத்திருப்பு முடிந்துவிடும் என்று பரிசு பெற்ற பையன் விளக்கியிருந்தான். முதல்வர் ரிப்பன் வெட்டினார். தலைவர் பேசினார்.

"இந்த மாடிக்கு ஒரு தேவை இருக்குன்னு நம்ம குழுவுல ஒரு குரல் எழுந்துச்சு. மூணே மாசத்துல அந்தக் குரலுக்கு உருவம் கொடுத்திருக்கோம். வேற எந்தக் கல்லூரில இவ்வளவு வேகமாக் கேட்டிருப்பாங்க? இத யாரும் பயன்படுத்த முடியாதுன்னு சில பேர் சொல்லலாம். பயன்பட ஆரம்பிச்சிட்டா அது வெறும் பொருள். பயன்படாத வரைக்கும்தான் அது கேள்வி."

கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலைந்த பிறகு முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, புதுசு, விஷயம் தெரியாது, ஓடிவந்து அந்தக் கதவை இழுத்துப் பார்த்தாள். அட்டை கிழிந்தது. காட்சிப்பொருளைச் சேதப்படுத்தியதற்காக அவளிடம் விளக்கக் கடிதம் வாங்கினோம். "அவசரம்" என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தாள். அதைத் தலைவரிடம் காட்டினேன். அருமையான தலைப்பு என்று அடுத்த வருஷப் போட்டிக்கு எடுத்து வைத்துக்கொண்டார்.

நாற்பதாவது கூட்டத்துக்குக் குழாயம்மா வரவில்லை. மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். "உறுப்பினருக்கு விடுப்பு அளிக்கப்பட்டது" என்று எழுதினேன். ஆலோசனைத் தொண்டு செய்யக் கொடுத்த வாய்ப்பைத் தவறவிட்டது குறித்துத் தலைவர் வருத்தம் தெரிவித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, கூட்டம் எதுவும் இல்லாத நாளில், அவர் கல்லூரிக்கு வந்தார். கட்டடத்தின் பின்பக்கம் நின்று சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவரை மேலிருந்து பார்த்துவிட்டு நான் இறங்கிப் போனேன்.

"இந்தக் குழாயப் பாருங்க" என்றார். "நாலு இன்ச்சு. தரைலருந்து நேரா உங்க சிந்தனை அறை வரைக்கும் போகுது. பக்கத்துல காத்துக்குழாய் வேற, மொட்டைமாடிக்கு மேல வலைமூடி போட்டு நிக்குது. சிந்திக்கிறதுக்கு எதுக்குங்க நாலு இன்ச்சுக் குழாய்?"

கையை உயர்த்தி மூன்றாம் மாடி ஜன்னலைக் காட்டினார்.

"அந்த ஜன்னலப் பாத்த அன்னிக்கே சந்தேகம். அது பாத்ரூமுக்கு வைக்கிற வென்டிலேட்டர். என் பென்சில் ஏன் எப்பவும் ஒரே மூலைக்குப் போகுது? ரூமுக்கு யாரும் தரைய வாட்டமாப் போட மாட்டாங்க. தண்ணி வடியணும்னாத்தான் போடுவாங்க."

சாவி என்னிடம் இருந்தது. மேலே போய்த் திறந்துவிட்டேன். அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்த மூலையில் கம்பளத்தின் நுனியைப் பேப்பர் வெட்டும் கத்தியால் நெம்பினார். கீழே வெள்ளை ஓடு. ஓட்டின் நடுவே தண்ணீர் இறங்கும் ஓட்டை, அதன் மேல் வட்டச் சல்லடை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாததால் அது புதுசாக மின்னியது.

அவர் சல்லடையின் மேல் கையை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன் ஆலோசனைக் குழு தொடங்கியபோது அதற்கென்று தனி அறை வேண்டியிருந்தது. மூன்றாம் மாடியில் பெண்கள் கழிப்பறை கட்டி முடித்து, மோட்டார் இணைப்பு வராமல் பூட்டிக் கிடந்தது. அப்போது மாணவிகள் கொஞ்சம் பேர். "பயன்பாட்டில் இல்லாத ஈரப் பகுதியை அறிவுசார் பகுதியாக மாற்ற உத்தரவிடப்படுகிறது" என்ற ஆணையைத் தட்டச்சு செய்தவனே நான். அதற்குப் பிறகு முதல்வர் இரண்டு முறை மாறினார், மாணவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறினார்கள், கோப்பு என்னிடம் மட்டும் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நான்காவது விதியும் இருந்தது. இப்போது யோசித்தால் இவை எல்லாம் சாக்கு என்று தெரிகிறது. அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது.

"தெரியும்மா" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கம்பளத்தைத் திரும்ப அழுத்திவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நாற்பத்தோராவது கூட்டத்துக்கு முதல்வரும் வந்திருந்தார். குழாயம்மா தன் அலுவலக அலமாரியிலிருந்து எடுத்து வந்த பழைய வரைபடத்தை வட்ட மேசையின் மேல் விரித்தார். மூன்றாம் மாடி, வடகிழக்கு மூலை. ஐந்து கழிப்பறைகள், நான்கு கைகழுவும் தொட்டிகள், தரை வாட்டம் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது. கீழே வலது ஓரத்தில் "வரைந்தவர்" என்ற கட்டத்தில் இரண்டு எழுத்து.

"இந்த எழுத்து என்னோடது" என்றார். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஆபீசுக்கு வந்த வேலை. வருஷத்துக்கு நூறு கட்டடம் வரையறேன், வர்ற தாள்ல வேலை நம்பர்தான் இருக்கும், எந்த ஊரு, எந்தக் கல்லூரின்னு இருக்காது. இந்த மாடிப் பொண்ணுங்களுக்கு நான் அப்பவே அஞ்சு பாத்ரூம் வரைஞ்சு கொடுத்திருக்கேன். அதுலதான் நாம எல்லாரும் இப்ப உக்காந்திருக்கோம்."

தலைவர் வரைபடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது என் கட்டடமா?"

"உங்க கட்டடம்தான் சார். உங்க வரைபடத்துல இந்த இடத்துல 'இதர' அப்படின்னு மட்டும் எழுதியிருந்தீங்க. அந்த இதரவத்தான் நாங்க வரைஞ்சோம்."

 உறுப்பினர் ஒருவர் கையிலிருந்த பிஸ்கட்டைத் திரும்பப் பலகையில் வைத்தார். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது, பொய் சொல்லவில்லை.

தலைவர் எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பதினோரு வருஷமா நாம இந்த ரூம்ல ஏன் இவ்வளவு சுதந்திரமா யோசிச்சோம்னு எனக்கு இப்பத்தான் புரியுது. மனுஷன் தனக்குள்ள இருக்கிறத வெளியேத்தறதுக்குன்னு பொறந்த இடம் இது. நமக்குத் தெரியாமலே நாம அதத்தான் இங்க செஞ்சிட்டு வந்திருக்கோம்."

அவர் இந்த இடத்தில் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

குழாயம்மா விடவில்லை. "சார், நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க. குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மூடி மட்டும் போட்டு வச்சிருக்காங்க. கம்பளத்தயும் பலகையயும் எடுத்துட்டாப் போதும். பத்து நாள்ல நானே கூட நின்னு மாட்டிக் கொடுத்துடறேன். கூட்டத்த நாம கீழ எங்கயாவது வச்சுக்கலாம். என் பொண்ணுக்குக் கிட்னி வரைக்கும் போயிடுச்சு. அவளுக்கு மட்டுமா, இங்க எத்தன பொண்ணுங்க சொல்லாம இருக்காங்களோ."

முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க வலி எனக்குப் புரியுது மேடம். ஆனா தரப்படுத்தல்ல ஆலோசனைக் குழுவுக்குத் தனி அறை இருந்தா பத்து மதிப்பெண். இந்த ரூம எடுத்தா பத்தும் போச்சு. டாய்லெட்ட வளாகம் முழுக்கச் சேத்துத்தான் எண்ணுவாங்க. விருந்தினர் விடுதி, விளையாட்டு அரங்கம், ஆபீஸ் பிளாக் எல்லாம் சேத்தா நம்மகிட்ட தேவைக்கு மேலயே இருக்கு. சராசரி எடுத்தா நம்ம மாணவிகள் ரொம்ப வசதியாத்தான் இருக்காங்க."

"சராசரியா யாரும் பாத்ரூம் போறதில்ல சார்" என்றார் குழாயம்மா.

"குழாய், உனக்குப் பெருசா யோசிக்கவே வராதா?" என்றார் நாற்காலி.

"வராதுதான். உன் நாற்காலியில உக்காரவும்தான் யாருக்கும் வரல."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வரைபடத்தைச் சட்டம் போட்டுச் சிந்தனை அறையில் மாட்டுவது. வரைந்தவரைக் கொண்டு அதில் கையெழுத்திடச் செய்வது. அறையின் வரலாற்றைத் தரப்படுத்தலுக்கான அறிக்கையில் "பழைய இடத்துக்குப் புது வாழ்வு" என்ற தலைப்பில் சேர்ப்பது. குழாயம்மா கையெழுத்துப் போட மறுத்து, ராஜினாமா செய்கிறேன் என்றார். தொண்டருக்கு நியமன ஆணை கிடையாது, ஆகவே ராஜினாமாவும் கிடையாது என்று ஒருங்கிணைப்பாளர் மிகவும் வருத்தத்தோடு விளக்கினார்.

அதற்கு அடுத்த மாதம் அதே மூன்றாம் மாடியில் ஆண்டு இறுதி ஜூரி நடந்தது. மாணவர்கள் தங்கள் வரைபடங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒவ்வொருவராக வந்து நடுவர்கள் முன் நின்று விளக்க வேண்டும். நடுவர்கள் தலைவரும் நாற்காலியும். பெயர் கூப்பிடும் வேலை எனக்கு. மூன்று முறை கூப்பிட்டு ஆள் வரவில்லை என்றால் அந்த வருஷம் போயிற்று.

குழாயம்மாவின் மகள் பதினேழாவது. மெலிந்த பெண், அம்மாவின் அதே நெற்றி. காலை எட்டு மணியிலிருந்து சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பதினாறாவது மாணவனைக் கூப்பிட்டபோது என்னிடம் வந்து மெல்லிய குரலில் கேட்டாள்.

"சார், கீழ போயிட்டு வந்துடட்டுமா? ரொம்ப முடியல."

நான் பட்டியலைப் பார்த்தேன். பேனாவால் அவள் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

"பதினாறு கூப்பிட்டாச்சேம்மா. அடுத்தது நீதான்."

அவள் சரி என்று தலையசைத்துவிட்டுத் திரும்பப் போய் நின்றாள். பதினாறாவது மாணவன் வரைந்திருந்தது பறவைகளுக்கான ஓர் அரண்மனை. தலைவருக்கு அது மிகவும் பிடித்துப்போய் அவனோடு ஐம்பது நிமிடம் பேசினார். நடுவில் தேநீர் வந்தது. நாற்காலி இரண்டு முறை அடுத்த கதவுக்கு, ஆண்கள் கழிப்பறைக்கு, போய்விட்டு வந்தார். அந்த ஐம்பது நிமிடமும் நான் அவள் பக்கம் பார்க்காமல் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வரைந்திருந்தது ஒரு நான்கு மாடி நூலகம். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது? ஒவ்வொரு மாடியிலயும் படிக்கட்டுப் பக்கத்துலயே, நல்ல வெளிச்சம் வர்ற இடத்துல, டாய்லெட்ட வச்சிருக்க? இது கட்டடத்தோட இதயம் இருக்க வேண்டிய இடம். ஒருத்தர் படியேறி வந்ததும் முதல்ல அவர் ஆன்மாவ நாம வரவேற்க வேண்டாமா?"

"ஏறி வர்றப்போ உடம்பும் கூடவேதான சார் வருது" என்றாள். உதடு நடுங்கியது. பயம் என்று நடுவர்கள் நினைத்திருப்பார்கள். அது காய்ச்சல்.

நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டார்கள். தேற நாற்பது வேண்டும். வரைபடத்தைச் சுருட்டிக் குழலில் போட்டுக்கொண்டு அவள் படி இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மயங்கி விழுந்தாள். துணியெல்லாம் நனைந்திருந்தது. அதைப் பத்துப் பதினைந்து பேர் பார்த்தார்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எதுவும் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். ஒரு சிறுநீரகத்தில் விழுந்த தழும்பு இனிப் போகாது என்று டாக்டர் சொன்னதாகக் குழாயம்மா என்னிடம் தொலைபேசியில் சொன்னார். அவர் அழவில்லை, விலகல் சான்றிதழுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று மட்டும் கேட்டார். அந்தச் சான்றிதழையும் நான்தான் தட்டச்சு செய்தேன். விலகும் காரணம் என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க மூன்றுதான் உண்டு: திருமணம், வேலை, ஆர்வமின்மை. ஆர்வமின்மை என்று போட்டோம்.

இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கியவர் எல்லாரும் முன்னாள் மாணவர் என்பது எங்கள் விதி. படிப்பு முடித்தாரா, பாதியில் போனாரா என்று பார்ப்பதில்லை. எண்ணிக்கை கூடினால் அதற்கும் மதிப்பெண் உண்டு. நாற்பத்திரண்டாவது கூட்டத்துக்கு முன் புது முன்னாள் மாணவர்களிடம் ஆலோசனை கேட்கும் கடிதங்கள் கணினியிலிருந்து வரிசையாக வந்து விழுந்தன. உறை ஒட்டும்போது அவள் பெயரைப் பார்த்தேன். "உங்களை வளர்த்த இடத்துக்குத் திருப்பிக் கொடுக்க வாருங்கள். கூட்டம், மூன்றாம் மாடி, சிந்தனை அறை." எடுத்துக் கிழித்துப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பட்டியலில் எண்ணிக்கை உதைக்கும். ஒட்டி அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. பாரத்தில் தொலைநோக்கு காலியாக இருந்தது, அணுகுமுறையும் காலி. ஆலோசனை என்ற இடத்தில் மட்டும் பென்சிலால், கட்டடக்கலை மாணவர்கள் எழுதும் அந்தக் கட்டமான எழுத்தில், ஒரே ஒரு வரி இருந்தது.

"அடுத்தது நீதான் என்று சொல்வதற்கு முன்னால், போய்விட்டு வாம்மா என்று சொல்லுங்கள்."

வேறு யாருக்கும் அந்த வரி புரியப்போவதில்லை. முதல்வரையோ தலைவரையோ அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூட்டத்தில் அதை வாசித்தேன். தலைவர் முகவாயைத் தடவிக்கொண்டு, "நல்லா இருக்கு, கொஞ்சம் உயர்த்தி எழுதிக்கங்க" என்றார். குழாயம்மா உட்காரும் இடம் காலியாக இருந்தது. அதற்கு மேலே சுவரில் அவர் வரைந்த ஐந்து கழிப்பறைகளும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு நான் மட்டும் உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். "முன்னாள் மாணவி ஒருவர் நேர மேலாண்மை குறித்து ஆலோசனை வழங்கினார். குழு அதை நன்றியுடன் பதிவு செய்துகொண்டது." ஓரத்தில் முந்நூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டேன். பிறகு எழுந்து அடுத்த கதவுக்குப் போய்விட்டு வந்தேன். போய்வர இரண்டு நிமிடம் ஆயிற்று.